கயிறு என் கையில்தான் இருந்தது

எஸ்தர் ராணி டீச்சர் கயிற்றிலிருந்து விழுந்து இறக்கவில்லை. நான் கயிற்றைக் கைநழுவ விடவும் இல்லை. உத்திரமேரூர் பஜார் தெருவிலும், நம் பழைய மாணவியரின் கைப்பேசிக் குழுவிலும், "வயசான அம்மா, புடிக்க முடியாம உட்டுட்டாங்களாம்" என்று என்னைப் பற்றிச் சொல்லப்படுவது என் காதுக்கும் வந்துவிட்டது. எஸ்தர் விழுந்தது தேவாலயத்தின் முன்படியில். அந்தப் படி என் முழங்கால் உயரம்கூட இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். விழுந்ததால் வெடிக்கவில்லை, வெடித்ததால் விழுந்தார். இந்த வரிசையை யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

செய்தி ஒரு மழை நாளின் காலையில் வந்தது. செங்கல்பட்டு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வரும் என்று நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தது எஸ்தரின் தம்பி ஞானம். கேட்டுக்கு வெளியே, குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.

"வேணாம் டீச்சர். காலெல்லாம் சேறு."

"பரவாயில்லை, வாங்க."

"அக்கா பூட்டாங்க டீச்சர். உங்களாண்ட போன்ல சொல்ல மனசு வரல. அதான் வந்துட்டேன்."

குடையை விரியுங்கள், நனைகிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் குடையை விரித்தார். நாங்கள் இருவரும் கேட்டின் இரண்டு பக்கமும் அப்படியே நின்றிருந்தோம்.

எஸ்தரை உங்களில் பலர் பி.டி. டீச்சராக அறிவீர்கள். நான் உங்களுக்கு ஆங்கிலம் நடத்தியவள். என் வகுப்பறையின் ஜன்னல் விளையாட்டு மைதானத்தைப் பார்த்திருந்தது. எஸ்தர் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே, அவருடைய விசில் என் இலக்கண வகுப்பின் நடுவே புகுந்து எதையும் முடிக்கவிடாமல் செய்தது. நான் இறங்கிப்போய், பாடம் நடக்கிறது, கொஞ்சம் பார்த்து ஊதுங்கள் என்றேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "டீச்சர், உங்களுக்குச் சாத்தறதுக்கு ஜன்னல் கீது. எனக்கு இன்னா கீது?" அன்று முதல் நான் ஜன்னலைச் சாத்தினேன். அவர் மதியத்துக்கு மேல்தான் ஊதினார். இதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசியதே இல்லை. நட்பு என்று ஒன்று தொடங்கியது அப்போதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு எஸ்தர் சென்னையிலிருந்து வரும் ஒரு குழுவோடு பாறை ஏறப் போகத் தொடங்கினார். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாமல் சனிக்கிழமைகளில் மட்டும் போவார். போன பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்து கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். ராஜஸ்தான் பாலைவனத்தில், ஜோத்பூரிலிருந்து உள்ளே போகும் வழியில், செம்மண் நிறத்தில் ஒரு பாறை. பக்கத்தில் மரம் கிடையாது, வீடு கிடையாது. கவிழ்த்த பானையைப்போல் இருந்தது.

"இத ஏறணும் டீச்சர்."

"இங்கே இல்லாத பாறையா?"

"இங்க இன்னா கீது? நான் சின்னப் பொண்ணா ஏறின பாறை இப்ப பள்ளமா, தண்ணி நின்னுக்கினு கீது. எங்க வூட்ல அம்மா, ஆயா எல்லாரும் பாறைய ஒடைச்சவங்க. ஒருத்தியாவது ஏறினா இன்னா?"

அவர் குடும்பம் கல்குவாரியில் கல் உடைத்த குடும்பம். அறுவடைக் காலத்தில் எங்கள் நிலத்தில் வேலை செய்தார்கள். அவர் தந்தையை எங்கள் களத்தில் நான் பார்த்திருக்கிறேன். இவையெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியும். தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் பல வருடம் ஒரே அறையில் மதிய உணவு சாப்பிட்டவர்கள் நாங்கள்.

அந்தப் பாறைக்கு அழைத்துப்போகும் வழிகாட்டியின் பெயர் கரண். எஸ்தருக்கு இந்தியும் ஆங்கிலமும் போதாது என்பதால் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் தொலைபேசிப் பேச்சிலேயே எஸ்தர் என் காதருகில் வந்து, "அங்க கல்லு ஒடைக்க மாட்டாங்க இல்ல, கேளுங்க" என்றார். கேட்டேன். கரண் சற்று யோசித்து, இந்தப் பாறையை உடைக்கவில்லை, அதற்கு அடுத்ததை உடைக்கிறார்கள் என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். "அங்கயுமா?" என்றார் எஸ்தர். பிறகு, "அப்ப சீக்கிரம் போணும் டீச்சர்" என்றார்.

ஆனால் சீக்கிரம் போக முடியாது. பாலைவனப் பாறையில் ஏற நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் பருவம். நமக்கோ அதுதான் மழை, சம்பா அறுவடை, மார்கழி, கிறிஸ்துமஸ், பொங்கல். எஸ்தர் தேவாலயப் பாடற்குழுவை விட்டு வர மாட்டார். நான் களத்தை விட்டு வர முடியாது. நம் பழைய மாணவியர் மூவர் உடன் வர முன்வந்தார்கள்: சுமதியும் லதாவும் இப்போது பள்ளி ஆசிரியைகள், பர்வீன் காஞ்சிபுரத்தில் செவிலி. மூவருக்கும் மூன்று விதமான விடுமுறை. காலண்டரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் சண்டை போட்டோம். கடைசியில் அடுத்த பொங்கலுக்கு மறுவாரம் என்று முடிவானது.

எங்கள் ஏற்பாடு எல்லாம் வெயிலுக்கானதாகவே இருந்தது. பாலைவனம் என்றால் வெயில் என்று நாங்கள் ஐவரும் கூடிப் பேசி முடித்துவிட்டோம். நன்னாரி வேர், மோர் மிளகாய், பருத்தித் துணி, வெள்ளைக் குடை. நான் அந்தப் பட்டியலை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டியபோது கரண் அடக்கமாக இருமினார். ஜனவரியில் விடியற்காலை விரல் மரத்துப்போகும், கம்பளி கொண்டு வாருங்கள் என்றார். கம்பளிக்கு உத்திரமேரூரில் எங்கே போவது? சென்னையில் நான் படித்த பள்ளியில் சிஸ்டர்கள் எங்களுக்குக் கம்பளிப் பின்னல் கற்றுத் தந்தார்கள். அந்த வெயிலில் அது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நானும் பின்னிப் பின்னி அலமாரியில் வைத்து, அந்துப்பூச்சிக்குக் கொடுத்ததோடு சரி. இப்போது சித்திரை மாதத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஐந்து நீலக் குல்லா பின்னினேன். எஸ்தர் தன்னுடையதை வாங்கி உடனே தலையில் போட்டுக்கொண்டு, உச்சிவெயிலில் சைக்கிளில் வீட்டுக்குப் போனார். எதிர்ப்பட்டவர்கள் காய்ச்சலா என்று கேட்டார்களாம். "ஆமா, பாறைக் காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டே போனேன் என்றார்.

பாறையில் ஏறுபவரின் இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு மேலே ஒரு கொக்கி வழியாகப் போய்க் கீழே இறங்கும். கீழே நிற்கும் ஒருவர், கயிறு சட்டென ஓடாமல் பிடிக்கும் ஒரு சிறு இரும்புக் கருவியில் அதைக் கோத்து, ஏறுபவர் ஏற ஏற இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறுபவர் கை விட்டால் கீழே இருப்பவர் பிடித்துக்கொள்வார். கரண் சொன்னது இது: "பாறையை நான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் கயிற்றைப் பிடிக்கும் ஆளை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே நானும் கயிற்றின் நுனியைப் பிடித்திருப்பேன். ஆனால் ஏறுபவரின் மனம் என்னை நம்பி ஏறாது."

எஸ்தர் யோசிக்கவில்லை. "எனக்கு டீச்சர்தான்" என்றார். எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் மடங்குவதில்லை என்றேன். "நீங்க ஏற வேணாமே. ஒரு பொண்ணு நோட்ல ஒரு கமாவ உட்டுட்டுப் போனதில்ல நீங்க. அந்தக் கை கயித்த மட்டும் உட்டுடுமா?"

இந்த வாக்கியத்தை உங்களில் எத்தனை பேர் நம்புகிறீர்கள் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லையிலிருக்கும் புளியமரத்தில் பயிற்சி தொடங்கியது. தடித்த கிளையில் ஒரு நாடாப் பட்டையைச் சுற்றிக் கொக்கி மாட்டிக் கயிற்றைத் தொங்கவிட்டோம். கரண் வீடியோவில் ஒவ்வொரு முடிச்சையும் பார்த்துச் சரி என்ற பிறகே கால் எடுத்து வைக்கலாம். எஸ்தர் கிளை வரை ஏறி, சோதனைக்காகக் கையை விட்டார். அவர் என்னைவிட ஒன்றரை மடங்கு எடை. கயிறு நின்றது, நான் நிற்கவில்லை. அவர் இறங்க இறங்க நான் மேலே போனேன். பாதி வழியில், முல்லைப் பந்தல் உயரத்தில், இருவரும் முகத்துக்கு முகம் சந்தித்தோம்.

"இன்னா டீச்சர், எங்க கெளம்பிட்டீங்க?"

அப்போதும் நான் கையை விடவில்லை என்பதை இங்கே குறிப்பிடுகிறேன். கருவியும் விடவில்லை. இரண்டு பேரும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தோம். கைப்பேசிக்குள்ளிருந்து கரண், "நன்று, இப்போது மெதுவாக" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் முதல் என் இடுப்புப் பட்டையை ஆட்டுக்கல்லோடு சேர்த்துக் கட்டினோம். மிக்சி வந்த பிறகு கொல்லையில் சும்மா கிடந்த கல் அது. கரண் வீடியோவில் அதைப் பார்த்து என்ன அது என்றார். மாவரைக்கும் கல் என்றேன். பாலைவனத்தில் இதற்காகத் தரையில் ஆணி அடிப்போம், இது அதைவிட நல்லது என்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தனார் வீடு. அவர் மனைவி எட்டிப் பார்த்து, "ஏன்க்கா உங்கள ஆட்டுக்கல்லுல கட்டிப் போட்டுகீறாங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள். எஸ்தர் மரத்திலிருந்து பதில் சொன்னார்: "அவுத்து உட்டா பறந்துடறாங்கம்மா."

ஆவணி மாதத்தில் கரண் தெற்கே வேறொரு குழுவோடு வந்தவர், ஒரு நாள் எங்களுக்காக உத்திரமேரூரில் தங்கினார். குவாரிக்கு அப்பால் இன்னும் உடைக்கப்படாமல் இருக்கும் ஒரு பாறைக் கரட்டுக்கு ஐவரையும் அழைத்துப்போனார். இரண்டு கயிறுகள் அருகருகே போட்டார். ஒன்றில் எஸ்தர் ஏற நான் பிடித்தேன். மற்றதில் சுமதி ஏற லதா பிடித்தாள். பாதி உயரத்தில் ஒரு வெடிப்பைத் தாண்ட எஸ்தருக்குக் கொஞ்சம் தளர்வான கயிறு வேண்டியிருந்தது. முப்பது வருடப் பழக்கத்தில், "டீச்சர், தளர்த்துங்க" என்று குரல் கொடுத்தார். நான் தளர்த்தினேன். பக்கத்தில் லதாவும் தளர்த்தினாள். அவளும் டீச்சர்தானே, நாள் முழுக்க அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பழகியவள். அதே நேரத்தில் சுமதியின் கால் வழுக்கியது. தளர்ந்த கயிற்றோடு அவள் ஓர் ஆள் உயரம் சரிந்தாள். கரண் கயிற்றின் நுனியைப் பிடித்திருந்ததால் நின்றாள். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று.

எல்லோரையும் கீழே இறக்கிவிட்டு, கரண் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "இங்கே டீச்சர் யார்?"

நால்வர் கை தூக்கினோம். பர்வீன், "என்ன சிஸ்டர்னுதான் கூப்புடுவாங்க, நான் தப்பிச்சேன்" என்றாள். கரண் சிரிக்கவில்லை. ஒரு பாறையில் பத்துக் கயிறு தொங்கும், இருபது பேர் கத்துவார்கள், அதனால் கயிற்றின் மேல் பேசும்போது முதலில் உடனிருப்பவரின் பெயர், பிறகு ஒரே ஒரு சொல், வேறு எதுவும் கூடாது என்றார். அக்கா, அம்மா, சார் எதுவும் கூடாது. நீளமான பெயர் காற்றில் உடைந்துபோகும், அதனால் சுருக்கமாக வேண்டும். பெயர் சொல்லாதவரை ஏற்ற மாட்டேன் என்றார். அவர் சொல்வதை மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். என்னைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்ற உத்தரவை நானே மொழிபெயர்த்தேன்.

"என்னால ஆவாது டீச்சர். வாய் வராது" என்றார் எஸ்தர்.

"அப்படியென்றால் பாலைவனம் இல்லை. கனகவல்லி என்பது நீளம். வல்லி போதும்."

"நீங்க சொல்லிட்டீங்க. எனக்கு நாக்கு பொரளணுமே."

மறுபடி ஏறினார். அதே வெடிப்பில் போய் நின்றார். கீழிருந்து பார்க்க அவர் கால் தையல் இயந்திரத்தின் ஊசிபோல் நடுங்கியது தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் நான் எதுவும் செய்யக் கூடாது என்பது விதி. இறுக்குவதா, தளர்த்துவதா என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஒருவரின் ஒரு சொல்லுக்காக நான் காத்திருந்ததில்லை. பிறகு பாறையைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"வல்லி, இறுக்கு."

இறுக்கினேன்.

என் அம்மா என்னை அப்படிக் கூப்பிட்டார். அவருக்குப் பிறகு யாரும் இல்லை. என் கணவர் "இந்தா" என்பார். நீங்கள் எல்லோரும் டீச்சர் என்றீர்கள், ஊரில் பெரியம்மா என்றார்கள். வல்லி என்று ஒருத்தி இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

அதன் பிறகு புளியமரத்தில் நடந்த ஒவ்வொரு பயிற்சியும் ஒரே மாதிரிதான் தொடங்கியது. எஸ்தர் மரத்தில் கை வைத்துக் கேட்பார்: "வல்லி, புடிச்சிக்கினியா?" நான் என் முடிச்சையும் அவர் முடிச்சையும் பார்த்துவிட்டு, "எஸ்தர், பிடிச்சிருக்கேன்" என்பேன். பிறகுதான் கால் தரையை விட்டு எழும். மதிலுக்கு அப்பால் இது நன்றாகக் கேட்டது. ஒரு வாரம் கழித்து என் கொழுந்தனார் முன்வாசல் வழியாக வந்தார். வழக்கமாகக் கொல்லை வழியாக வருபவர்.

"அண்ணி, அந்த எஸ்தர் உங்களப் பேரச் சொல்லிக் கூப்புடுது. வா போன்னு பேசுது. தெருவே கேட்டுக்கினு கீது. அண்ணன் இருந்தா இது நடக்குமா?"

"உங்க அண்ணன் இருந்தா ஆட்டுக்கல்லுக்குப் பதிலா அவரைக் கட்டியிருப்பேன். இன்னும் கனமா இருப்பார்."

"வெளையாடாதீங்க அண்ணி. அது அப்பன் நம்ம களத்துல நின்ன ஆளு."

"ஆமாம். உட்காரச் சொல்ல நம்ம யாருக்கும் தோணல" என்றேன். அவர் காபி குடிக்காமல் போனார்.

எஸ்தருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஆனால் அவர் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை, கூட்டிக்கொள்ளவும் இல்லை. கால் தரையில் பட்ட கணம் நான் மறுபடி டீச்சர். "டீச்சர், தண்ணி இருந்தா குடுங்க" என்பார். ஒருநாள் கேட்டேன், இனிமேல் எப்போதுமே வல்லி என்றே கூப்பிட்டால் என்ன என்று. முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "அது கயித்து மேல பேசற பேச்சு டீச்சர். தரையில தரைப் பேச்சுதான். ரெண்டையும் கலந்தா ரெண்டும் பேஜாராயிடும்." நான் வற்புறுத்தவில்லை. ஜனவரியில் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் புளியமரம் வழுக்கத் தொடங்கியதால் பயிற்சியை நிறுத்தியிருந்தோம். கயிறு உலர்ந்து என் அலமாரியில் இருந்தது. அவர் விழுந்த சனிக்கிழமைக்குப் பல நாள் முன்பிருந்தே அது அங்கேதான் இருந்தது. அன்று தேவாலயத்தில் பூ அடுக்கிவிட்டு இறங்கும்போது விழுந்தார். ஞானம் பதற்றத்தில் எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னது, "அக்கா உழுந்துட்டாங்க" என்ற இரண்டே சொற்கள். எங்கே, எதிலிருந்து என்று அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலையிலும் இல்லை. புளியமரத்தையும் கயிற்றையும் பார்த்திருந்தவர்கள் மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே இருந்த காவலர் என்னிடம் கேட்டார்: "நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?" சொந்தம் இல்லை. கூட வேலை செய்தவள் என்றேன். "சொந்தக்காரங்கதான்மா. வெளிய உக்காருங்க." உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரியான விதி. விதிகளை மதிக்கச் சொல்லித்தான் நான் உங்களை வளர்த்தேன். இரண்டு பகல் அந்த நாற்காலியில் இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஞானம் காவலரிடம், "எங்க பெரியக்கா சார்" என்று பொய் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார்.

எஸ்தரின் வாயில் குழாய் இருந்தது. கண் மூடியிருந்தது. வழுக்குப் பாறையில்கூடப் பிடி கண்டுபிடிக்கும் விரல்கள் விரிந்தபடி கிடந்தன. கையைப் பிடித்தேன். திருப்பிப் பிடிக்கவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு, "எஸ்தர், பிடிச்சிருக்கேன்" என்றேன். நர்ஸ் நேரம் முடிந்தது என்றாள். கையை விட்டுவிட்டு வெளியே வந்தேன். நான் விட்டது அதை மட்டும்தான்.

அடக்கத்துக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பெண்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவதில்லை. ஆனாலும் யாரும் தடுக்கவில்லை. மழை விட்டிருந்தது, குழியின் ஓரம் சரிந்துகொண்டிருந்தது. நான்கு ஆண்கள் இரண்டு வடங்களைக் கொடுத்துப் பெட்டியை இறக்கினார்கள். தலைமாட்டுப் பக்கம் வேகமாக ஓடியது, கால்மாட்டுப் பக்கம் நின்றது. பெட்டி சாய்ந்தது. என்னையறியாமல், "தலைப்பக்கம் பிடி. மெதுவா இறக்கு" என்றேன். உரக்கத்தான் சொல்லியிருக்க வேண்டும். போதகர் ஜெபத்தை நிறுத்திப் பார்த்தார். அவர்கள் பிடித்தார்கள், சரிசெய்தார்கள், இறக்கினார்கள். என் வலது கை இடுப்புக்குக் கீழே போய், கயிற்றை நிறுத்தும் இடத்தில் மூடி நின்றது. அதில் கயிறு இல்லை. பெட்டி தரையைத் தொட்டு, வடங்களை உருவும் வரை என்னால் அந்தக் கையைத் திறக்க முடியவில்லை. நீலக் குல்லாவை ஞானம் பெட்டிக்குள் வைத்துவிட்டதாக வழியில் சொன்னார்.

கரணிடம் சொன்னேன். அந்தப் பாறையை எங்களுக்காக ஒதுக்கிய நாளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கிறிஸ்துமஸுக்கு முன் தெரிந்தால் போதும் என்றார். சுமதிக்கும் லதாவுக்கும் பர்வீனுக்கும் தொலைபேசியில் பேசினேன். சுமதி, "மனசே சரியில்ல டீச்சர், பாக்கலாம்" என்றாள். லதா, "வூட்ல அவரு வேணாங்கறாரு டீச்சர், பாக்கலாம்" என்றாள். பர்வீன் கொஞ்சம் தயங்கி, "உங்க கை இப்ப எப்டி கீது டீச்சர்?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். "அப்ப பாக்கலாம் டீச்சர்" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்குப் புரியாமல் இல்லை. என் கையிலிருந்து கயிறு நழுவாது என்று என் பக்கம் நின்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் போய்விட்டார். என் கையை உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் கொண்டுவந்து காட்ட முடியாது. பஜாரில் நின்று விளக்கம் சொல்ல என்னால் ஆகாது. எழுதத் தெரியும், அதனால் எழுதுகிறேன். இதைப் படித்த பிறகும் நம்பாதவர்களை நம்பவைக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை குறைவு. ஒரு கயிறு இருக்கிறது. அது அவருடையது, ஞானம் என்னிடமே இருக்கட்டும் என்றார். கொல்லையில் ஆட்டுக்கல் இன்னும் புளியமரத்தடியில் இருக்கிறது, அதை நகர்த்தச் சொல்லவில்லை. புறப்படும் முன் இருவர் முடிச்சையும் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. இப்போதெல்லாம் வெளியே கிளம்பும்போது செருப்பு வாரைக்கூட இரண்டு முறை பார்க்கிறேன். பிறகு என் பெயர். அதைக் கயிற்றின் மேல் மட்டும் வைத்திருந்து, தரைக்குக் கொண்டுவராமலே போய்விட்டார்.

சுமதி, லதா, பர்வீன், எஸ்தரை அறிந்த உங்களில் வர விரும்பும் வேறு எவரும்: பொங்கலுக்கு மறுவாரம் நான் அந்தப் பாறைக்குப் போகிறேன். ஏறுபவர் ஒருவராவது இருந்தால் கீழே நின்று பிடிப்பேன். பின்னால் கரண் நிற்பார். யாரும் வராவிட்டால் கரணிடம் அந்த நாளை வேறு குழுவுக்குக் கொடுக்கச் சொல்லிவிடுவேன். பிடிப்பவள் தனியாகப் போய்ச் செய்வதற்கு அங்கே எதுவும் இல்லை. வருபவர்கள் பாறையில் என்னை டீச்சர் என்று அழைக்கக் கூடாது. அந்த விதி உங்களுக்குத் தெரியும், அது எதனால் வந்தது என்பதும் தெரியும்.

தொலைபேசி வேண்டாம். "பாக்கலாம்" என்பதைக் கேட்டு வைத்துவிட்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வருகிறேன் அல்லது வரவில்லை, இரண்டில் ஒன்றைக் காகிதத்தில் எழுதுங்கள். வராததற்குக் காரணம் என் கைதான் என்றால் அதையும் எழுதுங்கள். நான் திருத்தி அனுப்ப மாட்டேன். மேலே என் பெயரைப் போடுங்கள். கிறிஸ்துமஸுக்கு முன் எனக்குக் கிடைக்கும்படி பதில் அனுப்புங்கள்.